மீன்பாடும் கடன்பாடும்

போட்டின் படத்தை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பிவிட்டு, அது வந்து சேரும் முன்பே இவர் குசினி வாசலில் வந்து நின்றார். “பார்த்தியா புள்ள?” நான் கீரி மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் செதில், போனைத் தொட முடியாது. தன் போனையே என் முகத்துக்கு நேரே பிடித்தார். நீல நிறம், 30 அடி, உள்ளே டீசல் எஞ்சின், நடுவில் ஐஸ் அறை. வாழைச்சேனைத் துறைமுகத்தில் கட்டியிருந்தது. அணியத்தில் யாரோ துவாய் காயப்போட்டிருந்தார்கள்.

“32 இலட்சம் சொல்றான். கதைச்சா 30க்கு இறங்குவான்.”

இது 2024 மாசிக் கடைசி. காசு இறுக்கமாக இருந்த நேரம். 2022இல் அடகு வைத்த என் காப்பு அப்போதும் வங்கியில்தான் இருந்தது. மகள் பத்தாம் வகுப்பு. வகுப்புக் காசு மாதாமாதம். இந்த நிலையில் ஒரு மனிதர் 30 இலட்சத்துப் போட்டைப் பற்றிப் பேசினால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொல்லப்போவதில் பாதி சரி என்று எனக்கு முன்பே தெரியும்.

எங்களிடம் இருப்பது 18 அடி பைபர் போட், 25 குதிரைவலு யமஹா மிசின். வெளியே மிசின் பூட்டுகிற இந்தப் பைபர் போட் வகையை மீன்பிடித் திணைக்களப் பதிவில் ஆங்கில எழுத்துகளில் ஓ.எஃப்.ஆர்.பி. என்று எழுதுவார்கள். அந்த நான்கு எழுத்துக்கும் எங்கள் கரைப் பொடியன்கள் வேறொரு விரிவு வைத்திருக்கிறார்கள், அதை இங்கே எழுத முடியாது. மட்டக்களப்பில் பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கத்திலிருந்து இவரும் என் தம்பியும் பின்னேரம் நான்கு ஐந்து மணிக்கு இறங்குவார்கள். இரவு வலை விட்டு, விடிய வந்து சேர்வார்கள். கல்யாணமான நாளிலிருந்து என் காலை நேரம் அந்த மிசின் சத்தத்தில்தான் தொடங்குகிறது. சத்தம் பிந்தினால் தேநீர் ஆறிப்போகும், அடிவயிறும் ஒரு மாதிரி ஆகும்.

நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் ஒரு சீ.ஆர். கொப்பி, கெட்டி அட்டை போட்டது. 2019இலிருந்து எழுதி வருகிறேன், இப்போது மூன்றாவது கொப்பி. இடது பக்கம் செலவு: மண்ணெண்ணெய், பெற்றோல், ஒயில், ஐஸ், சாப்பாடு, வெற்றிலை. வலது பக்கம் பாடு. வலையில் பட்ட மீனைப் பாடு என்போம். “இண்டைக்குப் பாடில்ல” என்று ஒருவர் சொன்னால் மேற்கொண்டு ஒன்றும் கேட்கக்கூடாது. மட்டக்களப்பை மீன் பாடும் தேனாடு என்பவர்கள் பௌர்ணமி இரவில் வாவிக்குள் கேட்கும் சத்தத்தை நினைத்துச் சொல்கிறார்கள். கரையில் இருக்கிற எங்களுக்கு இரண்டு சொல்லையும் சேர்த்து மீன்பாடு என்று எழுதினால்தான் சோறு. அதிலும் பௌர்ணமி இரவு எங்களுக்கு ஆகாது. நிலா வெளிச்சத்தில் மீனுக்கு வலை தெரிந்துவிடும்.

அந்தக் கொப்பியில் சில பக்கங்கள் எண்ணெய் பட்டு ஊடு தெரியும். 2022 ஓகஸ்ட் பக்கம் அப்படி ஒன்று. மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவாக இருந்தது. 22ஆம் திகதியிலிருந்து 340. எங்களுக்கு ஓர் இரவுக்கு 35 லீற்றர் வேண்டும். முதல் நாள் வரை, வரிசையில் நின்று கிடைத்தால், 3,045 ரூபா; மறுநாள் 11,900. அந்த வரியில் என் பேனை அழுந்தி மற்றப் பக்கத்திலும் தடம் தெரிகிறது. அந்த மாதம் ஒன்பது இரவுதான் தொழில். காப்பு போனதும் அந்த மாதத்தில்தான்.

சரி, போட்டுக்கு வருகிறேன்.

இவருடைய வாதம் எளிமையானது. சின்னப் போட்டில் போக முடியாத நாளில் பெரிய போட்டில் போகலாம், வலையும் கூட விடலாம், ஐஸ் வைத்து மீனை மறிக்கலாம். அன்றிரவே கொப்பியை எடுத்து இருவரும் பாயில் உட்கார்ந்தோம். கடலுக்குப் போகாத நாளில் ஏன் போகவில்லை என்று ஓர் எழுத்துப் போடுவது என் வழக்கம். காற்றுக்கும் மழைக்கும் ‘கா’, நிலாக் காலத்துக்கு ‘நி’, மிசின் பழுதுக்கு ‘மி’, கோயில், செத்தவீடு, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் வெறும் கோடு. 2023இல் போன நாள் 171. போகாத நாள் 194. அதில் காற்று 103, நிலா 41, மிசின் 22, கோடு 28.

“பார், 103!” என்றார். பெரிய போட் இருந்தால் அந்த 103 நாளும் தன்னுடையது என்கிற மாதிரி ஒரு முகம்.

நான் விடவில்லை. ஒவ்வொரு ‘கா’வுக்கும் மாதம் பார்த்தோம். 70 நாள் ஐப்பசிக் கடைசியிலிருந்து தை வரைக்கும் உள்ளது. வாடைக்காற்று, அடைமழை, வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானொலியில் மீனவர்களுக்கு எச்சரிக்கை. அந்த நாட்களில் 30 அடியும் கட்டித்தான் கிடக்கும். மிச்சம் 33 நாள் கச்சான் காலத்தில். கச்சான் கரையிலிருந்து வெளியே தள்ளுகிற காற்று. போகும்போது இலேசாகத்தான் இருக்கும். திரும்பி வர சின்ன மிசின் திணறும், எண்ணெயும் குடிக்கும். அந்த 33 நாளில் பெரிய போட் நிச்சயமாகப் போகும். இதை நான் ஒப்புக்கொண்டேன். அவரும் 70ஐ ஒப்புக்கொண்டார், ஆனால் சத்தமில்லாமல்.

தூரத்தைப் பற்றி நாங்கள் சண்டை பிடிக்கவே இல்லை. எங்கள் பக்கத்தில் கடல் சட்டென்று ஆழமாகிவிடும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் கரையிலிருந்து 9 கிலோமீற்றர் அளவில் கிடக்கிறது. அந்த இடத்திலேயே ஆழம் 50 மீற்றருக்கு மேல். வலைக்காரர்கள் அதைச் சுற்றிப் போவார்கள், தூண்டில்காரர்கள் அதைத் தேடிப் போவார்கள். பாக்கு நீரிணை மாதிரி ஆழமில்லாத கடல் இது இல்லை. சூரைக்கு நாள் கணக்கில் ஓடத் தேவையில்லை, 18 அடியே எட்டித் தொட்டுவிடும்.

ஐஸ் வேறு கதை. அதில்தான் இவருடைய பேச்சு எனக்குள் இறங்கியது. விடிய ஆறு மணிக்குக் கரை தட்டினால் சூரை கிலோ 800 என்று ஏலம் தொடங்கும். எட்டு மணிக்கு இன்னும் நான்கு போட் அதே மீனோடு வந்தால் 550. மீன் அதேதான், மணிதான் மாறியிருக்கும். சின்ன ரெஜிபோம் பெட்டியில் வைத்திருக்கிறவன் விலை இறங்க இறங்க வேர்த்துக்கொண்டு நிற்பான், வெயில் ஏறினால் கருவாட்டுக்காரருக்குத்தான் கொடுக்க வேண்டிவரும். ஐஸ் அறை உள்ளவன் மூடிவைத்துவிட்டு, பின்னேரம் கொழும்புக்குப் போகும் லொறிக்குக் கொடுப்பான். கொப்பியில் நான் “வி.இ.” என்று எழுதிய நாட்கள், அதாவது விலை இறங்கி விற்றவை, அந்த வருடம் 38. ஒவ்வொன்றிலும் போன காசைக் கூட்டினால் ஒரு மிசின் பாதி வாங்கலாம்.

பங்குக் கணக்கு இன்னொரு இரவு. எங்கள் கரையில் செலவு கழித்து மிச்சத்தில் பாதி போட்டுக்கும் வலைக்கும். மற்றப் பாதியைப் போனவர்கள் சமமாகப் பிரிப்பார்கள். இப்போது போவது இரண்டு பேர். போட்டின் பாதியும் இவருடைய காலும் சேர்ந்து முக்கால் பங்கு வீட்டுக்கு வருகிறது. பெரிய போட்டுக்கு நான்கு பேர் வேண்டும். அப்போது பாதியும் அரைக்காலும். 100 ரூபாவில் 75 வந்த இடத்தில் 62 ரூபா 50 சதம். போட் பெரிதாகும், வீட்டுக்கு வருகிற வீதம் சிறுக்கும். நான்கு பேரை எங்கே தேடுவது என்பது அதற்கு மேல். எங்கள் ஒழுங்கையில் கை பலமான பொடியன்கள் கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிறார்கள். ஆள் பிடிக்க முற்பணம் கொடுக்க வேண்டும். வாங்கியவன் அடுத்த கிழமை வேறு போட்டில் நிற்பான்.

போட்டை எங்கே விடுவது? இப்போது வேலை முடிந்தால் நாலு பேர் கைகொடுத்து மணலில் இழுத்து ஏற்றிவிடுவோம். 30 அடியை இழுக்க முடியாது. வாவிக்குள் கொண்டுபோய்க் கட்டலாம் என்றால் முகத்துவாரம் கோடையில் மணல் மூடிவிடும். மாரியில் வெள்ளம் ஏறினால்தான் வெட்டித் திறப்பார்கள். அதாவது, கடல் நல்லாக இருக்கும் மாதங்களில் வாசல் அடைப்பு. ஆகவே வாழைச்சேனைதான். ஏறத்தாழ 30 கிலோமீற்றர். இவர் அங்கே வாடியில், அதாவது கரைக் கொட்டிலில், தங்கவேண்டும், கிழமைக்கு ஒருமுறை வீடு. போட்டுக்கு இரவுக் காவல். தம்பிக்கு இரண்டு கைக்குழந்தைகள், அவன் வரமாட்டான் என்பது சொல்லாமலே தெரிந்தது.

இந்த விஷயத்தில் எங்களுக்குப் புத்தி சொன்னது சாய்ந்தமருதில் ஆழ்கடல் போட் வைத்திருந்த ஒரு காக்கா, முஸ்லிம் அண்ணன். இவருக்குப் பழைய சிநேகிதர். ஒருநாள் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துக்கொண்டே ஒலுவில் கதையைச் சொன்னார். டென்மார்க் கடனில் கட்டி 2013இல் திறந்த துறைமுகம். வாசலில் மணல் சேர்ந்து போட் உள்ளே போகவும் முடியாமல் வெளியே வரவும் முடியாமல் கிடந்தது. பக்கத்துக் கரையைக் கடல் தின்றது, தென்னைகள் வேரோடு போயின. “தங்கச்சி, எங்கட போட் நல்ல போட். கடலும் நல்ல கடல். ரெண்டுக்கும் நடுவில கிடந்த வாசல்தான் எங்களக் கொண்டுபோனது. மணலப் பார்த்துக்கொண்டு இருந்த மாசத்துக்கும் தவணை வந்ததுதானே.” அவர் அதற்குப் பிறகு போட்டை விற்றுவிட்டு இரும்புக்கடை வைத்திருக்கிறார். கடை நன்றாக ஓடுகிறது. கடல் பற்றிப் பேசினால் மட்டும் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருப்பார்.

இனி காசு. கையில் திரட்டக்கூடியது 10 இலட்சம்: இருக்கிற போட்டும் மிசினும் விற்றால் ஆறரை, மிச்சம் என் நகையும் சீட்டும். வங்கியில் 20. எஞ்சின் பார்த்து, வலை சேர்க்க இன்னும் 5. அந்த 5ஐத் தருவதாக ஒரு மீன் வியாபாரி முன்வந்தார். வட்டி இல்லை. திருப்பித் தர அவசரமும் இல்லை. மீனை அவருக்கே கொடுத்தால் போதும். கரை விலையில் கிலோவுக்கு 50 ரூபா கழித்து எடுப்பார்.

இவருக்கு இது தெய்வம் அனுப்பிய ஆள் மாதிரி இருந்தது. “வட்டி இல்லாம ஆர் புள்ள தருவான் இந்தக் காலத்தில?”

நான் கொப்பியின் பின்பக்கத்தில் பெருக்கினேன். பெரிய போட் வருடத்துக்கு 150 நாள் நல்ல தொழில் செய்கிறது என்று வைப்போம். சராசரி 40 கிலோ. 6,000 கிலோ. கிலோவுக்கு 50 என்றால் 3 இலட்சம். 5 இலட்சத்துக்கு வருடம் 3 இலட்சம், அதாவது 60 வீதம். அதுவும் அந்த 5 இலட்சம் அப்படியே நிற்கும், ஒரு சதம் குறையாது. பாடு நல்லாக இருந்தால் வட்டி இன்னும் ஏறும்! நன்றாக உழைக்கிறவனிடம் கூடுதலாக எடுக்கும் கடன் இது. இவர் இரண்டு முறை கணக்கைச் சரிபார்த்தார். பிறகு வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார், நீண்ட நேரம் மென்றார். அந்த வியாபாரி கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். வங்கி கண்டுகொள்ளாத எத்தனையோ பேருக்குச் செத்தவீட்டுக்கும் கலியாணத்துக்கும் காசு கொடுத்தவர் அவர்தான். ஆனால் அவரிடம் கை நீட்டியவர்கள் யாரும் தங்கள் மீனுக்குத் தாங்கள் விலை சொல்லி நான் கேட்டதில்லை.

வங்கிக்கு இருவரும் போனோம். 20 இலட்சம், 15 வீதம், ஐந்து வருடம். மாதத் தவணை 47,580. கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் எட்டரை இலட்சத்துக்குக் கொஞ்சம் மேல். “2022 கடைசியில வந்திருந்தா 28 வீதம் கேட்டிருப்பம்” என்றார் அந்த உத்தியோகத்தர், நாங்கள் அதிர்ஷ்டசாலிகள் என்கிற மாதிரி. வீட்டுக்கு வந்து அதையும் போட்டுப் பார்த்தேன்: மாதம் 62,270 அளவில் வந்திருக்கும். பிறகு அவர் ஈடாகக் காணி உறுதி, அதாவது காணிப் பத்திரம், கேட்டார்.

உறுதி என் பெயரில். எங்கள் பக்கத்தில் அது வழமை. மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். கரையோரம் முழுக்கத் தமிழர் முஸ்லிம்கள் இரண்டு பகுதியும் இப்படித்தான். அம்மம்மா அம்மாவுக்குக் கொடுத்த வளவு இது. சுனாமியில் சுவரெல்லாம் போய்க் கிணறும் படியும் மட்டும் மிஞ்சியது. அதன் மேல் அம்மா திரும்பக் கட்டி எனக்குத் தந்தார். அடுத்த வரிசையில் பத்தாம் வகுப்புப் படிக்கிற ஒருத்தி நிற்கிறாள். உறுதியை மேசையில் வைக்கச் சொன்னபோது இவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதரில் எனக்குப் பிடித்தது அதுதான், கேட்கக்கூடாத இடம் தெரியும். நான் உறுதிப் பிரதியைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

கடனுக்கு நான் பயப்படுவதற்கு வேறு காரணமும் உண்டு. எங்கள் ஒழுங்கையில் நுண்கடன் எடுத்த பெண்களின் வாசலில் வசூல்காரர் விடிய வந்து கதிரை போட்டு உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு கடனைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட மூன்றாவது. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவித்தபோது மட்டக்களப்பும் அதில் இருந்தது. அதற்கு முன்பே எங்கள் ஒழுங்கையில் ஒரு வீடு பூட்டியாகிவிட்டது.

இன்னொரு பக்கம், கடன் இல்லாமல் வந்த போட்டுகளையும் பார்த்தவள் நான். சுனாமிக்குப் பிறகு 2005இல் உதவியாக வந்து கரை முழுக்கப் புதுப் போட். கடலில் கால் வைக்காதவர் பெயரிலும் போட். காகிதம் மாதிரி மெல்லிய பைபர்; 25 மிசினைப் பூட்டினால் பின்பக்கம் வெடிக்கும். மிசின் தந்தவர்கள் வலை தரவில்லை, வலை தந்தவர்கள் மிசின் தரவில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு போட்டில் பல வருடம் பொன்னாங்காணி நட்டிருந்தார்கள். நல்ல கீரை, நானும் பறித்திருக்கிறேன். ஆனால் உருப்படியாக மிஞ்சிய போட்டெல்லாம் கரைக்குக் கிட்டவே வலை விட்டதில் கிட்டக் கடல் நெருக்கடியாகிப் போனது. இவர் பெரிய போட் கேட்பதற்கு அடியில் அதுவும் இருக்கிறது. பக்கத்து வலையில் தன் வலை சிக்காத ஓர் இரவு வேண்டும் என்பார்.

இப்படியே பங்குனி வந்துவிட்டது. தினமும் இரவில் போட், காலையில் போட். ஒருநாள் நான் சொன்னேன்: “இந்த மாசத்தில இருந்து போட் வாங்கிட்டம் எண்டு வைப்பம். மாசம் 47,580 வங்கியில போடுவம். மார்கழியையும் தையையும் தாண்டிக் கட்டிட்டா உறுதிய நானே கொண்டுபோய்க் குடுக்கிறன்.”

இவர் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. “இது ஞாயமில்ல புள்ள. சின்னப் போட்டால உழைச்சுப் பெரிய போட்டுக்கு எப்பிடிக் கட்டுற?” அது உண்மைதான், சோதனை பெரிய போட்டுக்குப் பாதகமானது. ஆனால் பெரிய போட்டின் டீசலும், நான்கு பேர் பங்கும், காவல் கூலியும் இதில் இல்லை. ஒன்றுக்கொன்று ஈடாகட்டும் என்றேன். வேறு வழி தெரிந்தால் சொல்லுங்கள் என்றேன். அவருக்கும் தெரியவில்லை.

தனியாக ஒரு கணக்குத் திறந்தோம். மார்ச் கட்டினோம். ஏப்ரல், புதுவருடச் செலவோடும் கட்டினோம். மே மாதம் கண்ணகை அம்மன் சடங்கு. கதவு திறந்து திருக்குளிர்த்தி முடியும்வரை வீட்டில் மீன் வாடையே இல்லை, தொழிலும் இல்லை. 40,000தான் போட முடிந்தது. வங்கி உத்தியோகத்தர் சடங்குக்கு விடுமுறை தருவாரா என்று இவர் கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார். அந்த மாதக் கடைசியில் நீலப் போட் விற்றுப்போனது. நீர்கொழும்புப் பக்கத்து ஆள் எடுத்ததாகக் கேள்வி. இரண்டு நாள் வீட்டில் யாரும் அதிகம் பேசவில்லை. மூன்றாம் நாள் ஜூன் தவணைக்கு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று இவரே கேட்டார்.

ஜூன், ஜூலை, ஓகஸ்ட், செப்டெம்பர் நான்கும் முழுதாகக் கட்டினோம். செப்டெம்பரில் இவர் நடையே மாறியிருந்தது. ஒக்டோபர் 30,000. நவம்பரில் ஒன்றுமில்லை. அந்த மாதக் கடைசியில் வந்த தாழமுக்கம் பிறகு பெங்கல் புயல் ஆனது. மட்டக்களப்பும் அம்பாறையும் வெள்ளத்தில் கிடந்தன. போட்டைக் கரையிலிருந்து இன்னும் மேலே இழுத்து தென்னையில் கட்டினோம். டிசம்பரிலும் ஒன்றுமில்லை. ஜனவரியில் போடுவதற்குப் பதில் 20,000 எடுத்தோம், மகளின் புத்தகத்துக்கும் அரிசிக்கும். பெப்ரவரி 15,000.

ஒரு வருடத்தில் கட்டியிருக்க வேண்டியது 5,70,960. கணக்கில் இருந்தது 3,50,480.

நான் அந்த இரண்டு எண்ணையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டுக் கழித்தலை அவரிடம் விட்டேன். விரலால் மேசையில் எழுதிப் பார்த்தார். 2,20,480. “இது பெரிய போட் எண்டா வந்திருக்கும்” என்றார், ஆனால் அடுத்த வசனத்தை அவரே சொன்னார்: “நவம்பர், டிசம்பர் மட்டும் வந்திருக்காது.”

அந்த நேரம் நாட்டில் வட்டி இறங்கியிருந்தது. மத்திய வங்கி 2024 நவம்பரில் கொள்கை வட்டியை 8 வீதத்தில் வைத்தது. நாங்கள் போன வங்கி இப்போது 13 வீதம் சொன்னது. இவருக்கு அதில் ஒரு நம்பிக்கை. பெருக்கிப் பார்த்தால் தவணை 45,500 அளவில் வருகிறது. இரண்டு வீதம் இறங்கியதில் மாதம் 2,000 ரூபா மிச்சம். வாடை மாதங்களுக்கு அந்த 2,000 ஒரு மூடை அரிசிக்கும் காணாது.

நான் அந்த உத்தியோகத்தரிடம் ஒரு விஷயம் கேட்டேன். வயல்காரருக்கு அறுவடைக்குப் பிறகு கட்டுகிற மாதிரிக் கடன் இருக்கிறதே, எங்களுக்கும் பங்குனியிலிருந்து ஐப்பசி வரை எட்டு மாதம் கூடுதலாகக் கட்டி, மழை நாலு மாதமும் சும்மா விடுகிற மாதிரித் தரமுடியாதா? எட்டால் பிரித்தால் மாதம் 71,370. நல்ல மாதத்தில் ஒரு கை பார்க்கலாம். அவர் நல்ல மனுஷன், முழுதாகக் கேட்டார். கணினியில் அப்படி ஒரு இடம் இல்லை என்றார். கணினியைத் திருப்பி எனக்குக் காட்டவும் செய்தார். மாதம் என்ற கட்டத்தில் 60 என்று இருந்தது. மேலிடத்துக்கு எழுதித் தாருங்கள் என்றார். எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கணக்கில் இருந்த 3,50,480இல் முதலில் என் காப்பை மீட்டோம். இவர்தான் சொன்னார். பிறகு ஒருநாள் இரண்டு பழைய குளிர்சாதனப் பெட்டிகளை லாண்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார், திருத்துகிற கடையில் உதவாது என்று போட்டிருந்தவை. இரண்டும் சேர்த்து 9,000. கம்பிகளைக் கழற்றி, பின்பக்கத்தைப் பைபர் வைத்து அடைத்து, மல்லாத்திப் போட்டார். ஒன்றின் கதவில் எந்தப் பிள்ளையோ ஒட்டிய மயில் படம் இன்னும் இருக்கிறது. உடைத்த ஐஸைப் போட்டு மேலே சாக்கு மூடினால் அடுத்த நாள் பின்னேரம் வரை மீன் கண் கலங்காமல் இருக்கிறது. கரையில் வாடிக்குள்தான் வைத்திருக்கிறோம். எட்டு மணிக்கு ஏலம் விழுந்தால் இவர் மீனைக் கூடையில் அள்ளிக்கொண்டு பேசாமல் மயில் கதவைத் திறக்கிறார். முதல் நாள் அதைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். அந்த மாதக் கடைசிக்குள் திருத்துகிற கடையில் உதவாத பெட்டி ஒன்று 7,000 ஆகிவிட்டது. இந்த வருடம் கொப்பியில் “வி.இ.” இதுவரை 11.

போன கிழமை நான் பாரை வெட்டிக்கொண்டிருக்கும்போது குசினி வாசலில் மறுபடியும் நிழல். 23 அடி பைபர் போட், 40 குதிரைவலு மிசின், வலையோடு. கல்லாற்றில் யாரோ கொடுக்கிறார்களாம், மணலில் இழுத்து ஏற்றலாம், மூன்று பேர் போதும். போனை என் முகத்துக்கு நேரே பிடித்தார். மற்றக் கக்கத்தில் சீ.ஆர். கொப்பி இருந்தது.

“12 இலட்சம் சொல்றான்” என்றார். “கையக் கழுவிட்டு வா.”